கீழமாசி வீதிக் கர்டர், ஒத்தக்கடை மாடி

பழைய கட்டடம் இடிக்கிறவர்கள் கர்டரை, அதாவது தளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரத்தை, எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? பொக்லைன் வாளியைத் தளத்தில் மாட்டி ஓர் இழுப்பு இழுப்பார்கள். மொத்தமும் கீழே வந்து விழும். அப்புறம் கேஸ் கட்டிங்காரர் வந்து, லாரிக்குத் தோதாக ஐந்தடி, ஆறடித் துண்டுகளாக நறுக்கிப் போடுவார். அந்த நிமிஷத்தோடு அது உத்திரம் இல்லை, கிலோ கணக்கில் போகும் சாமான். அப்படி நறுக்கப்படுவதற்கு முன்னால் சில கர்டர்களை முழுசாக எடுத்து, யானைமலை ஒத்தக்கடையில் இருக்கும் அக்கா வீட்டுத் தளத்துக்குப் போட்டோம். அந்த வேலை எப்படிப் போனது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கர்டர்கள் இருந்த இடம், கீழமாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு மளிகைக் கிட்டங்கி. சுண்ணாம்புக் காரைச் சுவர், ஆர்ச் தளம். நாலடிக்கு ஒரு கர்டர், இரண்டு கர்டருக்கு நடுவே செங்கல் வளைவு, வளைவின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுச் சமப்படுத்திய தளம். மதுரையின் பழைய கடைத்தெருக்களில் இந்த வகைத் தளம் இன்னும் நிறைய நிற்கிறது. கடை கைமாறும்போது ஒவ்வொன்றாக இடிபடுகிறது.

பழைய இரும்பு ஒன்றும் குப்பைக்குப் போவதில்லை, உலைக்குப் போய்த் திரும்பவும் கம்பியாக வருகிறது, அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு டன் பழைய இரும்பை உருக்கவே 500 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். தாது மண்ணிலிருந்து புதிதாக எடுத்தால் ஒரு டன் இரும்புக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. ஏற்கெனவே உத்திரமாக இருப்பதை உருக்கி, மறுபடியும் உத்திரமாக உருட்டுவதற்கு இவ்வளவு செலவு. கழற்றித் துடைத்து வைத்தால் அந்தச் செலவு முழுக்க மிச்சம். விலையைப் பொறுத்தவரை மிச்சம் அவ்வளவு பெரிது இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன், வீட்டு வேலைகளுக்கு வரைபடம் போட்டு மேற்பார்வை பார்ப்பது தொழில். வழக்கமாக வரைபடம் முதலில், இரும்பு பிறகு. 175 ஐ பீம் (175 மில்லிமீட்டர் உயர ஐ வடிவ உத்திரம்) என்று தாளில் எழுதினால் கடையில் போய் 175 வாங்கி வருவார்கள். பழைய இரும்பில் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும். என்ன கிடைக்கிறது, எத்தனை அடி தேறுகிறது, எங்கே துளை இருக்கிறது, எங்கே துரு தின்றிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பென்சில். அக்கா வீட்டில் சுவருக்குச் சுவர் 12 அடி. கிட்டங்கியில் கர்டர் 15 அடி. இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போனதால்தான் இந்த வேலையே நடந்தது. அக்கா வீடு 14 அடி அகலமாக இருந்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டுப் புது இரும்புதான் வாங்கியிருப்பேன்.

கழற்றியது

இடிப்பு எடுத்தவரிடம் பேசும்போது அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். "முழுசா எறக்கணும்னா எனக்குக் கூலி கூடும் தம்பி. ஸ்கிராப்பு வெலைக்கு மேல என்ன போட்டுத் தருவீக, அதச் சொல்லுங்க மொதல்ல." கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டித் தருவதாகப் பேசி முடித்தோம். நிபந்தனை இரண்டு. கர்டரில் எங்கேயும் கேஸ் படக்கூடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் முனையைக் கர்டரை அறுத்து எடுக்காமல் சுவரை உடைத்து எடுக்க வேண்டும். வளைந்துபோனதும் முறுக்கிக்கொண்டதும் அவருக்கே.

ஆர்ச் தளத்தை உடைப்பதில் ஒரு முறை இருக்கிறது. செங்கல் வளைவு தன் பாரத்தால் இரண்டு பக்கத்துக் கர்டரையும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அடுத்த கண்ணியின், அதாவது அடுத்த இரண்டு கர்டருக்கு இடைப்பட்ட பகுதியின், வளைவு எதிர்ப்பக்கம் தள்ளுவதால்தான் கர்டர் நேராக நிற்கிறது. ஒரு கண்ணியை மட்டும் முழுக்க உடைத்துவிட்டால் அந்தச் சமநிலை போய்விடும். ஐ வடிவக் கர்டர் (மேலும் கீழும் அகலப் பட்டை, நடுவே நிற்கும் தகடு) மேலிருந்து வரும் பாரத்துக்குத்தான் வீரன். பக்கவாட்டில் அதன் விறைப்பு பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இடிப்பு வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4130 இதைத் தெளிவாகச் சொல்கிறது: கர்டருக்குக் குறுக்காக, வளைவு ஓடும் திசையில் பட்டை பட்டையாக உடைத்துக்கொண்டு போக வேண்டும். கர்டர்களை இணைக்கும் டை ராடை வளைவு முழுதும் இறங்கிய பிறகே தொட வேண்டும். மேஸ்திரி அந்தத் தாளைப் பார்த்தவர் இல்லை. ஆனால் அவர் கை அதே வரிசையில்தான் போனது. ஓரத்தில் ஆரம்பித்து, எல்லாக் கண்ணியிலும் ஒரே கோட்டில், இரண்டடி இரண்டடியாக உடைத்தார்கள். கீழே எல்லாக் கர்டருக்கும் முட்டுக் கொடுத்திருந்தது.

ஒரு கர்டர் ஏறத்தாழ 110 கிலோ. செயின் பிளாக்கில் கட்டி இறக்கி, நாலு பேர் தோளில் சந்து முனைக்குக் கொண்டுவந்தார்கள். சித்திரைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. தேர் மாசி வீதிகளைச் சுற்றித்தான் வரும் என்பதால், அதற்குள் சந்து முகப்பைக் காலி செய்துவிட வேண்டும் என்று இடிப்புக்காரருக்கு ஒரே பரபரப்பு. பொக்லைனை விட்டு மிச்சத்தை இழுத்துவிடவா என்று தினமும் கேட்பார். வேண்டாம் என்று சொல்வதற்காகவே நான் அங்கே நிற்க வேண்டியிருந்தது. இரவில்தான் லாரி ஏற்ற முடிந்தது.

என்ன இரும்பு இது

ஒத்தக்கடையில் கட்டைகளின் மேல் வரிசையாக அடுக்கி, காரையைச் சுரண்டிய பிறகு எழுத்துகள் தெரிந்தன. பெரும்பாலானவற்றின் நடுத்தகட்டில் டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து என்று புடைப்பாக உருட்டியிருந்தார்கள். 1932-இல் திறந்த சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டிய அதே நிறுவனம். சிலவற்றில் டாடா இரும்பு நிறுவனத்தின் டிஸ்கோ முத்திரை இருந்தது. ஜாம்ஷெட்பூரில் டாடா உலையில் உருக்கு வர ஆரம்பித்தது 1912-இல். ஆக அந்தக் கர்டர்கள் அதற்குப் பிந்தியவை. ஒரே தளத்தில் இரண்டும் கலந்திருந்ததால், கிட்டங்கியை ஒரே தடவையில் கட்டவில்லை என்று புரிந்தது. எனக்கு அதைவிட முக்கியம் வேறு: இது ஒரே குவியல் இல்லை. முத்திரையும் அளவும் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

அளவுகள் அங்குலத்தில். பெரியவை 7 அங்குல உயரம், 4 அங்குல அகலம், அடிக்கு 16 பவுண்டு. சிறியவை 6-க்கு 3, அடிக்கு 12 பவுண்டு. நம் கணக்கில் மீட்டருக்கு ஏறத்தாழ 23.8 கிலோவும் 17.9 கிலோவும். இன்றைய இந்திய அட்டவணையில் இந்த அளவு கிடையாது. 175 ஐ பீம் மீட்டருக்கு 19 கிலோ சொச்சம், 150 அதைவிடக் குறைவு. அந்தக் காலத்துக் கர்டர் கொஞ்சம் கனமாகவே இருக்கும். அதற்காகப் பழையதெல்லாம் உசத்தி, இன்றைய இரும்பு மட்டம் என்று டீக்கடையில் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கலவையின் சுத்தத்தில் இன்றைய இரும்புதான் மேல். அந்தக் கணக்கு கீழே வருகிறது.

கிட்டங்கியின் பின்கட்டில் கர்டருக்குப் பதிலாகத் தண்டவாளங்கள் கிடந்தன. பழைய மதுரை வீடுகளில் இது சகஜம். கிரைண்டரை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்துவிடும். கர்டரிலிருந்து வரும் பொறி நீளக் கோடாகப் போய் நுனியில் ஒன்றிரண்டு கிளை விடும். தண்டவாளத்தில் பொறி மத்தாப்பு மாதிரி வெடித்துச் சிதறும். கார்பன் அதிகம் என்பதற்கு அதுதான் அடையாளம். தேய்மானத்துக்காகவே கார்பன் கூட்டிச் செய்த இரும்பு அது, தேயாது. ஆனால் வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே விரிசல் விடும். அடி பட்டால் வளைந்து எச்சரிக்காமல் உடையும். தளத்துக்கு வேண்டாம் என்று தண்டவாளம் அத்தனையும் ஒதுக்கினேன். இரண்டு மட்டும் கேட் உருளும் தடமாகப் போனது.

பழைய சிவப்புப் பெயின்டில் ஈயம் இருக்கும். அது தெரியாமல் நிறையப் பேர் கேஸை வைத்து எரித்துச் சுத்தம் செய்கிறார்கள். அந்தப் புகை நேராக நுரையீரலுக்குப் போகும். நாங்கள் தண்ணீர் தெளித்து, முகமூடி போட்டு, கையால் சுரண்டி, சுரண்டிய தூளைச் சாக்கில் கட்டி வைத்தோம். அந்தப் பக்கம் அக்கா பிள்ளைகளை விடவில்லை.

துருவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதைப் படித்தால் பாதி வேலை முடிந்தது. சுண்ணாம்புக்குள் புதைந்திருந்த மேல் பட்டை அநேகமாகப் புதுசு போல இருந்தது. சுண்ணாம்பின் காரத்தன்மை இரும்பின் மேல் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கிக் காப்பாற்றி விடுகிறது. காற்றுப்பட்ட அடிப்பட்டையில் மேலோட்டமான துரு. மோசமானது சுவருக்குள் இருந்த முனை. மழை ஈரம் சுவர் வழியே வந்து அங்கேயே நின்றிருக்கிறது. முனையில் ஒரு அடிவரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இன்னொரு கண்ணியில் கர்டர் நடுவிலேயே அம்மை வடுவாகக் குழி விழுந்திருந்தது. விசாரித்தால், மேல்மாடியில் அந்த இடத்தில்தான் உப்பு மூட்டை அடுக்குவார்களாம். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்து ஒரே இடத்தில் ஆழமாகக் குடையும். மேலே தேய்த்தால் போகிற துரு இல்லை அது. அந்தக் கண்ணிக் கர்டர்களை எடை போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

சோதனை

எப்படியும் அறுத்தெறிய வேண்டிய முனைகள் இருந்ததால் சோதனைத் துண்டுக்குப் பஞ்சமில்லை. முனையிலும் துரு ஏறாத பகுதியாகப் பார்த்து, பட்டையிலிருந்து எடுத்து, ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்தேன். முத்திரைக்கும் அளவுக்கும் தனித்தனித் துண்டு. இழுவைச் சோதனையில் எந்தத் துண்டும் 240 மெகாபாஸ்கலுக்கு (சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற அளவு) கீழே நிரந்தரமாக நீளவில்லை. இன்றைய சாதாரண உருக்குக்கு ஐ.எஸ். 2062 கேட்பது 250. கணக்குக்கு 230 வைத்துக்கொண்டோம். உடைவதற்கு முன்னால் நன்றாக நீண்டு கழுத்துச் சிறுத்தது. எனக்கு எண்ணைவிட அந்தக் கழுத்துதான் நிம்மதி. நார் நாராகப் பிரிந்திருந்தால் அது உருக்குக்கு முந்தைய தேனிரும்பு என்று அர்த்தம், கணக்கே வேறு.

ரசாயனச் சோதனையில் கார்பன் 0.2 சதவீதத்தை ஒட்டி, மாங்கனீசு குறைவு. வெல்டிங்குக்கு ஏற்றதா என்று பார்க்கும் கார்பன் சமன் கணக்கில் எளிதாகத் தேறிவிட்டது. ஆனால் கந்தகம் 0.06 பக்கம் நின்றது. இன்றைய வரம்பு 0.045. கந்தகம் கூடினால் வெல்டிங் உறையும்போதே நடுவில் கோடு விட்டு விரியும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெல்டர் அண்ணனோடு நடந்த வாக்குவாதம் இதைப் பற்றித்தான்.

இன்னொரு சோதனை நானே செய்தது, செலவு இல்லாதது, செய்யச் சொல்லி எல்லோருக்கும் சொல்வேன். உருக்கு எந்தத் தரமாக இருந்தாலும் அதன் மீள்தன்மை எண் (பாரத்துக்கு எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பதன் அளவு) ஏறத்தாழ ஒன்றே, 2 லட்சம் மெகாபாஸ்கல். ஆகவே ஒரே பாரத்துக்கு ஒரே அளவுக் கர்டர் எல்லாம் ஒரே மாதிரித் தொய்ய வேண்டும். கூடுதலாகத் தொய்ந்தால் உள்ளே இரும்பு குறைந்திருக்கிறது. கர்டரை 3.8 மீட்டர் இடைவெளியில் இரண்டு கட்டையில் வைத்து, நடுவில் எடை போட்ட 500 கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, அடியில் தொய்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்தேன். துரு தின்றது போக 7 அங்குலக் கர்டரின் ஐ மதிப்பை (வெட்டுமுக வடிவத்தால் வரும் விறைப்பின் அளவு) 1,500 சென்டிமீட்டர் நான்கடுக்கு என்று எடுத்தால் தொய்வு 1.9 மில்லிமீட்டர் வர வேண்டும். அநேகமாக எல்லாம் அதையொட்டியே வந்தன. ஒன்று மட்டும் 2.6 காட்டியது. தடிமன் அளக்கும் வெர்னியரில் அதன் அடிப்பட்டை மற்றதைவிடத் தடிமனாகக்கூட இருந்தது. சுத்தியலால் தட்டினால் ஏடு ஏடாக விழுந்தது: நான் அளந்தது இரும்பை இல்லை, இறுகிப்போன துருவை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும், அதனால் தடிமன் கூடித் தெரிந்திருக்கிறது. அந்தக் கர்டரும் ஒதுங்கியது. தொய்வுச் சோதனை இரும்பு எவ்வளவு மிச்சம் என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது. அதற்கு இழுவைச் சோதனை கட்டாயம் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம்.

கணக்கு

நாலு அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ, தரை பூச்சு 100, வீட்டுப் புழக்கத்துக்கு ஐ.எஸ். 875 சொல்லும் 200. மொத்தம் 550. மாடிச் சுவர் எல்லாம் கீழ்ச் சுவரின் மேலேயே வருவதால் கர்டருக்கு அந்தப் பாரம் இல்லை.

7 அங்குலக் கர்டரை நாலடிக்கு ஒன்றாகப் போட்டால் பாதுகாப்புக் காரணி சேர்த்து, கர்டரை வளைக்கப் பார்க்கும் திருப்புவிசை (பெண்டிங் மொமென்ட்) 19 கிலோநியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது தாங்குவது 35. தொய்வு 6.3 மில்லிமீட்டர், அனுமதி நீளத்தில் 360-இல் ஒரு பங்கு, அதாவது பத்தரை. தாராளம்.

6 அங்குலக் கர்டரில்தான் விஷயம் இருந்தது. அதே நாலடிக்குப் போட்டால் வலுவில் தேறிவிடுகிறது: 18.6 வருகிறது, 22 வரை தாங்கும். ஆனால் தொய்வு 11.7. வரம்பைத் தாண்டுகிறது. விழாது, ஆனால் கீழ்ப் பூச்சு விரியும், மேலே நடந்தால் அதிரும், அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள். மூன்றடிக்கு ஒன்றாக நெருக்கினால் தொய்வு 8.8-க்கு இறங்கிவிடுகிறது. அதனால் கூடத்துக்கு நாலடி இடைவெளியில் 7 அங்குலக் கர்டர் ஐந்து, சின்ன அறைக்கு மூன்றடி இடைவெளியில் 6 அங்குலக் கர்டர் மூன்று என்று முடிவானது. கணக்கு முழுவதையும் ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரிடம் கொடுத்துச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கினேன். அவர் முதலில் தயங்கினார். பிரிட்டனில் பழைய இரும்பை மறுபடி பயன்படுத்த 2019-இல் வந்த வழிகாட்டியே 1970-க்கு முந்தைய இரும்பைத் தன் வரம்பில் சேர்க்கவில்லை என்று சொன்னார். ஒவ்வொரு பிரிவுக்கும் இழுவைச் சோதனை இருக்கிறது, வெல்டிங் கிடையாது, வீட்டுத் தளம்தான், கிரேன் மாதிரி திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் பாரம் இல்லை, கட்டடம் தீப்பிடித்ததும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டிய பிறகுதான் பேனாவை எடுத்தார். அந்தத் தயக்கம் இல்லாத இன்ஜினியரிடம் பழைய இரும்பைக் கொண்டு போகாதீர்கள்.

முனை, துளை, போல்ட்

ஆர்ச் தளத்துக் கர்டரில் டை ராடுக்காக நடுத்தகட்டில் துளை இருக்கும். உயரத்தின் நடுவில் இருப்பதால் வலுவுக்குக் கெடுதல் இல்லை, கர்டர் பாரத்தால் வளையும்போது அங்கே வரும் இழுப்பும் அழுத்தமும் கிட்டத்தட்டப் பூஜ்யம். பட்டையில், அதுவும் நடு நீளத்தில் துளை இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்படி எதுவும் இல்லை. பழைய துளைகளிலேயே புது 16 மில்லிமீட்டர் டை ராடு போடலாம் என்று தோன்றியது. ஆனால் அதற்கு ஐந்து கர்டரின் துளைகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். 15 அடியில் முனைத் துரு போக 13 அடி எடுக்க வேண்டும். எந்த முனையில் எத்தனை அங்குலம் அறுப்பது என்பதைத் துளைக்கு நூல் பிடித்தே முடிவு செய்தோம். அறுத்தது பேண்ட்சாவில்.

முனையில் நடுத்தகட்டின் இரு பக்கமும் சின்ன ஆங்கிள் வைத்து, சுவர் மேல் போட்ட கான்கிரீட் படுக்கைக்குள் பிடிக்க வேண்டும். இங்கேதான் வெல்டர் அண்ணன் குறுக்கே வந்தார். "எதுக்கு டிரில்லு, போல்ட்டுனு கெடந்து அல்லாடிக்கிட்டு? நான் ரெண்டு ராடு வச்சேன்னா ஆயுசுக்கும் அசையாது." அவர் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒத்தக்கடையைச் சுற்றி எத்தனையோ ஷெட் அவர் கைவண்ணம். அறுத்த முனைத் துண்டில் ஒரு ஆங்கிளை ஒட்டிக் காட்டச் சொன்னேன். சாதாரண ராடில் ஒட்டி, ஆறிய பிறகு சம்மட்டியால் அடித்ததும் வெல்டின் நடுவே கோடாகத் திறந்துகொண்டது. கந்தகத்தின் வேலை. ஈரம் போகச் சூடாக்கிய லோ ஹைட்ரஜன் ராடில் ஒட்டியது தாங்கியது. இருந்தாலும் முத்திரைக்கு முத்திரை கலவை மாறும் இரும்பில், தலைக்கு மேல் வரும் தளத்தில், அந்தப் பரீட்சை வேண்டாம் என்றேன். மேக்னட் டிரில் வாடகைக்கு எடுத்து, 18 மில்லிமீட்டர் துளை போட்டு, எம் 16 போல்ட் கொடுத்தோம். அண்ணனே டிரில்லைப் பிடித்தார். பழைய இரும்பு டிரில்லுக்கு இவ்வளவு இளக்கமாகச் சுருள் விடும் என்று எதிர்பார்க்கவில்லை என்றார்.

சேண்ட் பிளாஸ்டிங்குக்குக் கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் அனுப்பினோம். பிளாஸ்டிங் முடிந்த அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிட வேண்டும், ஒரு ராத்திரி விட்டால் திரும்பவும் சிவப்பு பூத்துவிடும். மேல் பட்டை கான்கிரீட்டுக்குள் போகும் இடத்தில் மட்டும் பெயின்ட் இல்லை. சுவருக்குள் இருக்கும் முனைக்கு எபாக்சி இரண்டு கோட்டிங். பழைய கர்டர் எங்கே செத்தது என்று பார்த்த பிறகு அந்த முனையில் கஞ்சத்தனம் செய்ய மனசு வரவில்லை. வெளிச்சுவரில் கர்டர் நேராக வெளிப்பூச்சைத் தொடாதபடி நாலு அங்குலச் செங்கல் விட்டுத்தான் படுக்கை போட்டோம்.

தளம்

ஆர்ச் தளத்தில் செங்கல் வளைவு கர்டரைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்திருக்கும். கான்கிரீட் தளத்திலும் காய்ந்த பிறகு அப்படித்தான், மேல் பட்டை ஒரு அங்குலம் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும். இடையில் ஒரு நேரம் இருக்கிறது: ஈரக் கான்கிரீட்டின் பாரம் முழுக்க ஏறிவிட்டது, ஆனால் பிடிப்பு இன்னும் வரவில்லை. அப்போது மேல் பட்டை பக்கவாட்டில் நழுவி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதற்காகத்தான் டை ராடு. ராடை இறுக்குவதற்கு எதிராக, அதை ஒட்டிக் கர்டருக்குக் கர்டர் அளவாக அறுத்த மரக்கட்டையையும் செருகினோம்.

கான்கிரீட் காயும்வரை தாங்கும் பலகை அமைப்பான சென்ட்ரிங்குக்குத் தரையிலிருந்து முட்டே கொடுக்கவில்லை. கர்டரின் அடிப்பட்டையில் கொக்கி மாட்டி, பலகையைத் தொங்கவிட்டு, அதன் மேல் பிளைவுட். கீழே கூடம் காலியாகவே இருந்தது, மச்சான் கான்கிரீட் போட்ட அன்றும் அங்கேயே கட்டில் போட்டுத் தூங்கினார். 8 மில்லிமீட்டர் கம்பி கர்டரின் மேலாகத் தொடர்ந்து ஓடுகிறது. கான்கிரீட் போட்டதில் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

இருபத்தெட்டு நாள் கழித்துச் சோதித்தோம். ஒரு 6 அங்குலக் கர்டரின் பங்குக்கு வரும் பரப்பில் சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்குக்கு மணல் மூட்டை அடுக்கி, ஒரு பகல் ஓர் இரவு விட்டோம். டயல் கேஜ் காட்டியது கணக்கைவிடக் குறைவு, ஏனென்றால் கான்கிரீட்டும் கர்டரோடு சேர்ந்து கொஞ்சம் உழைக்கிறது. மூட்டையை எடுத்ததும் முள் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே திரும்பியது.

செலவு என்று பார்த்தால், இரும்பு விலை மட்டும் புதிதில் பாதிக்கு அருகில். அதன் மேல் முழுசாக இறக்கிய கூலி, லாரி, ஆய்வகம், பிளாஸ்டிங், டிரில் வாடகை, அறுத்தெறிந்த முனைகள். எல்லாம் கூட்டினால் புது ஐ பீமின் விலையில் முக்கால் பங்கு ஆகிவிட்டது. புதிதுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதையும் சேர்த்த முக்கால் பங்கு. நான் நின்ற நேரத்துக்குக் கூலி போட்டால் அந்தக் கால் பங்கும் காணாமல் போகும். பத்துக் கர்டருக்குள் வேலை என்றால் சோதனைச் செலவே இழுத்துவிடும், காசுக்காக இறங்காதீர்கள். ஒரே கிட்டங்கியில் ஒரே முத்திரையாக முப்பது நாற்பது கர்டர் கிடைத்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கும். அப்போது அதே ஆய்வகச் செலவு அத்தனைக்கும் பங்கு பிரியும்.

மிச்சம் கிடக்கும் 6 அங்குலக் கர்டர் நான்கில் இரண்டை வெளிப் படிக்கட்டின் இரு பக்க உத்திரமாக வரைந்துகொண்டிருக்கிறேன். படி தாங்கும் ஆங்கிள் அத்தனைக்கும் போல்ட்தான். துளை எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு டிரில் வாடகை கட்டாது, ஒன்று சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்கிறார் வெல்டர் அண்ணன்.